சிவப்பு ஜன்னல் திறந்த பக்கம்

போன வாரம் நம் லினக்ஸ் குழுவில் உங்களில் ஒருவர் என்னைக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் புலம்பினார். லினக்ஸில் இரண்டு மானிட்டர் வைத்திருக்கிறாராம். எந்த நிரலைத் திறந்தாலும் ஜன்னல் இடப்பக்க மானிட்டரில் வராமல் வலப்பக்கத்தில் போய்த் திறக்கிறதாம். ஒவ்வொரு தடவையும் அதை மவுஸால் பிடித்து இழுத்துப் போட வேண்டியிருக்கிறதாம். வாழ்க்கையே வெறுத்துவிட்டது என்றார்.

நான் பொறுமையாகக் கேட்டேன். ஓய்வு பெற்றவனிடம் பொறுமையைத் தவிர வேறு என்ன மிச்சம்? கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"தம்பி, அந்த வலப்பக்க மானிட்டருக்கு முன்னால யாரு உட்கார்ந்திருக்கா?"

"நான்தான் அங்கிள். ரெண்டுக்கும் நான்தான்."

"அப்ப உனக்குப் பிரச்சனையே இல்லலா. போய்ப் பசியாறு."

திமிர் பிடித்த கிழவன் என்று நினைத்திருப்பார். தப்பில்லை. ஆனால் இரண்டு மானிட்டருக்கு முன்னாலும் ஒரே ஆள் இருக்கும்வரை அது வெறும் எரிச்சல்தான். இரண்டாவது மானிட்டருக்கு முன்னால் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தால் அது வேறு கதை. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். இதில் முட்டாள் யார் என்று கடைசிவரை காத்திருந்து கண்டுபிடிக்கும் சிரமம் உங்களுக்கு வேண்டாம். நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எனக்கு ஒரு கம்பெனி இருந்தது. நிறுவனத்தின் தலைவர், பொறியாளர், பெருக்கித் துடைப்பவர் மூன்று பேரும் நானே. அப்போது எனக்கு லினக்ஸ் பைத்தியம் புதிதாகப் பிடித்திருந்தது. ஒரு சஞ்சிகையோடு வந்த குறுந்தட்டில் அதைக் கண்டுபிடித்ததிலிருந்து, பிரிண்டர் ரிப்பேருக்கு வந்தவர்களிடம்கூட அரை மணி நேரம் பிரசங்கம் செய்வேன். பிரிண்டரை விட்டுவிட்டு ஓடியவர்கள் உண்டு.

ஒரு நாள் மாடியேறி ஓர் அக்கா வந்தார். ஐம்பது வயது இருக்கும். எங்கள் வரிசையிலேயே நான்கு கடை தள்ளி, இன்னொரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் திருமணத் தகவல் நிலையம் நடத்திவந்தார். பெயர் வேண்டாம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான்வரை பாதிப் பேர் அவரால் கல்யாணம் ஆனவர்கள், மீதிப் பேர் அவரால் தப்பித்தவர்கள். இரு தரப்புமே இன்னும் அவரைத் தேடிக்கொண்டிருக்கலாம். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து வந்து, மற்றவர்களின் செவ்வாய் தோஷத்தை அலசுவார்.

மூச்சு வாங்க உட்கார்ந்தார். "தம்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

நான் ஜன்னல் வழியாகக் கீழே கடையைப் பார்த்து, "மாஸ்டர், மேல ஒரு தண்ணி!" என்று கத்திவிட்டு, லினக்ஸின் மகிமையை ஆரம்பித்தேன். அக்கா முழுவதையும் கேட்டார். கடைசியில், "சரி, செஞ்சு குடு. பதிலுக்கு உன் ஜாதகத்தை நான் சும்மா பதிஞ்சு வைக்கிறேன். உனக்கு இன்னும் ஆகலதானே?" என்றார். எனக்கு வயது முப்பத்து நான்கு. ஆகியிருக்கவில்லை. காரணம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அக்காவின் தொழில்முறையைச் சொன்னால்தான் நான் செய்த அநியாயம் உங்களுக்குப் புரியும்.

அவரிடம் தடித் தடியாக நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. ஓர் ஆளுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் மேல் பாதியில் கறுப்புப் பேனா: வீட்டார் சொன்னது. கீழ்ப் பாதியில் சிவப்புப் பேனா: அக்கா கண்டுபிடித்தது. 'முடி சொந்தமில்லை.' 'தகப்பனார் சிரித்தால் நம்ப வேண்டாம்.' 'பெண் தங்கம், அண்ணன்மார் தகரம்.' சிவப்பை அக்கா எந்த வீட்டாருக்கும் காட்டியதில்லை. அதைத் தான் மட்டும் பார்த்துக்கொண்டு, யாரிடம் எதை, எப்போது, எவ்வளவு சொல்வது என்று முடிவு செய்வார். அவருடைய முழுத் தொழிலும் அந்தச் சிவப்பில்தான் இருந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பார்? சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் வீட்டுக்குப் போவார். தண்ணீர் கேட்பார். அவ்வளவுதான். யார் எழுந்து போகிறார்கள், யார் யாரை ஏவுகிறார்கள், எதில் வருகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது, வந்த பிறகு முகம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். "பலகாரத்துக்குத் தயார் பண்ணி வச்சிருப்பாங்கடா. தண்ணிக்கு எவன் தயார் பண்ணுவான்?" என்பார்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். முதல் சந்திப்பு பெண் வீட்டில் நடக்கக்கூடாது, நிலையத்தில்தான். கேசரி கிடையாது. கேசரி சாப்பிட்டவனுக்கு வேண்டாம் என்று சொல்லக் கூச்சம் வந்துவிடுமாம்.

நோட்டுப் புத்தகங்களை நான் கணினியில் ஏற்றினேன், சில பக்கங்களை மட்டும் அக்கா என்னிடம் தராமல் தானே ஒரு விரலால் தட்டி ஏற்றினார். தமிழ் எழுத்தை ஒழுங்காகத் தெரியவைக்கவே மூன்று வாரம் ஆனது. ஒரே கணினி, இரண்டு வீடியோ கார்டு, இரண்டு மானிட்டர். ஒன்று அக்காவைப் பார்த்து, இன்னொன்று மேசைக்கு எதிரே உட்காரும் குடும்பங்களைப் பார்த்து. எதிர்ப்பக்கத்தில் படமும் ஜாதகக் கட்டமும் பெரிதாகத் தெரியும். அக்கா பக்கத்தில் சிவப்புக் குறிப்பு தெரியும், சிவப்பு எழுத்திலேயே. அந்த வண்ணம் என் கைவண்ணம். ரொம்பப் பெருமைப்பட்டேன்.

இப்போதைய பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் அமைத்த முறையில் இரண்டு திரையும் இரண்டு தனி நாடு. ஒரு நிரல் கிளம்பும்போது, 'டிஸ்ப்ளே' என்று ஒரு குறிப்பு இருக்கும், அதைத்தான் பார்க்கும். அதில் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் என்றிருந்தால் அக்கா பக்கம் திறக்கும். பூஜ்யம் புள்ளி ஒன்று என்றிருந்தால் எதிர்ப்பக்கம் திறக்கும். ஒரு பக்கத்தில் பிறந்த ஜன்னல் சாகும்வரை அந்தப் பக்கம்தான். மவுஸின் அம்பு மட்டும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும். ஜன்னலை இழுத்தால் எல்லையில் முட்டி நின்றுவிடும். நீங்கள் இன்றைக்கு அலுத்துக்கொண்டு செய்கிற அந்த இழுத்துப் போடும் வேலை எங்களுக்குக் கனவு.

ஆறு மாதம் எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடியது. கோளாறு இல்லாமல் ஓடியதால் எனக்குத் தலைக்கனம் வந்தது. தலைக்கனம் வந்ததால் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

காலை பத்தரைக்கு அக்கா கூப்பிட்டுவிட்டார். பதினொன்றுக்கு இரண்டு குடும்பம் வருகிறது. அவருக்கு ஒரு சின்ன ஆசை. ஜாதகத்துக்கு ஒரு பட்டன், சிவப்புக்கு ஒரு பட்டன் என்று இரண்டு தடவை அமுக்க வேண்டியிருக்கிறது.

"ஒரே அமுக்குல ரெண்டும் வர்ற மாதிரி பண்ண முடியாதாடா? ஜாதகம் அந்தப் பக்கம், சிவப்பு என் பக்கம்."

"அக்கா, அஞ்சு நிமிஷ வேலை."

உங்கள் தொழில் வாழ்க்கையில் இந்த மூன்று சொல்லை நீங்கள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

"நிஜமாத்தானே? இன்னைக்கு வேணாம்னா விட்டுடு. இன்னைக்கு எதுவும் சொதப்பக் கூடாது." அக்கா குரலைத் தாழ்த்தினார். "பூச்சோங் மாலதி தெரியும்ல? பல் கிளினிக்ல நர்ஸ். இதுவரைக்கும் ஆறு பேரு பார்த்துட்டுப் போயிட்டாங்க. நேத்து வந்து, 'ஆன்டி, இதுவும் சரியா வரலைன்னா என் ஃபைலை எடுத்துடுங்க, இனிமே நான் யாரு முன்னாலயும் வந்து உட்கார மாட்டேன்'னு சொல்லிட்டா. அவளுக்கு இந்தப் பையனைப் பிடிச்சிருக்குடா. ரெண்டு தடவ ஃபோன்ல பேசியாச்சு. இன்னைக்குப் பையனோட அம்மா தலையாட்டணும். அவ்வளவுதான் பாக்கி."

நியாயமான மனிதன் அந்த இடத்தில் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்திருப்பான். நான் அதை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டேன்.

வேலை உண்மையிலேயே ஐந்து நிமிடம்தான். டிஸ்ப்ளேயை எதிர்ப்பக்கத்துக்கு மாற்று என்று ஒரு வரி. ஜாதகத்தைத் திற என்று ஒரு வரி. சிவப்பைத் திற என்று ஒரு வரி. இதில் என்ன விடுபட்டிருக்கிறது என்று உங்களில் புத்திசாலிகள் இந்நேரம் சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். ஜாதகத்தை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, டிஸ்ப்ளேயை மறுபடி இந்தப் பக்கம் திருப்ப மறந்துவிட்டேன்.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். சோதனைக்கென்றே நான் உருவாக்கி வைத்திருந்த 'டெஸ்ட் ராமசாமி' என்ற மாப்பிள்ளையைத் திறந்தேன். ராமசாமிக்குச் சிவப்புக் குறிப்பு கிடையாது. குறிப்பு இல்லாத ஆளுக்குச் சிவப்பு ஜன்னல் திறக்காது, நானே அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆகவே அக்கா பக்கத்தில் சிவப்பு வராதது எனக்குச் சரியாகவே பட்டது. ஒரு பாவமும் செய்யாத மனிதனை வைத்து, பாவத்தைக் காட்டும் நிரலைச் சோதித்தவன் நான். அதைவிடக் கேவலம், எழுந்து நான்கு அடி நடந்து எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட நான் அங்கே உட்கார்ந்ததில்லை. எல்லாவற்றையும் அக்காவின் நாற்காலியிலிருந்தே சோதித்தேன், அதில் மெத்தை இருந்தது.

பதினொரு மணிக்கு வந்தார்கள். பெண் தரப்பில் மாலதியும் அவளுடைய மாமாவும். மாப்பிள்ளை கோபால், கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. கூடவே அவருடைய அம்மா. அம்மா சொன்ன நாற்காலியில் கோபால் உட்கார்ந்தார். பிறகு அம்மா, "அங்க வேணாம், ஃபேன் காத்து நேரா அடிக்குது" என்றதும் அடுத்த நாற்காலிக்கு மாறினார்.

நான் போயிருக்கலாம். என் பட்டன் வேலை செய்யும் அழகைப் பார்க்க அக்காவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

பேச்சு நன்றாகவே போனது. மாலதியின் மாமா ஜாதகம் பார்க்கலாமே என்றார். அக்கா கோபாலின் பெயரைத் தேர்ந்தெடுத்து, என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அந்த ஒற்றைப் பட்டனை அமுக்கினார்.

அக்கா பக்கத்தில் ஒன்றும் வரவில்லை. "எங்கடா சிவப்பு?" என்று மெல்லக் கேட்டார்.

நான் நிமிர்ந்து எதிரே இருந்த நான்கு முகங்களையும் பார்த்தேன். நான்கின் மேலும் இளஞ்சிவப்பு வெளிச்சம்.

தம்பி தங்கைகளே, அந்த நேரத்தில் நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் மவுஸைப் பிடுங்கி, எனக்குத் தெரியாத திரையில், என் கண்ணுக்குப் படாத ஜன்னலைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தேன். எல்லையில் முட்டி நின்றது. முட்டும் என்று எனக்குத்தான் முதலில் தெரியும், இருந்தாலும் மூன்று தடவை இழுத்தேன். பிறகு ஜன்னலை மூடும் விசையை அமுக்கினேன். பதற்றத்தில் விரல் பக்கத்து விசையில் பட்டது. அது, அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று நான் அன்போடு செய்துகொடுத்த 'பெரிய எழுத்து' விசை. எதிரே இருந்த முகங்களில் வெளிச்சம் கூடியது. மறுபடி அமுக்கினேன். இன்னும் கூடியது.

மானிட்டரை அணைக்கும் பொத்தான் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. மேசையைச் சுற்றி ஓடினேன். ஓடிப் போய், பொத்தானைத் தேடாமல், திரைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

மாலதியின் மாமாவுக்குப் பார்வை மந்தம். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார் போல. "தம்பி, கொஞ்சம் நகருங்க. மறைக்குது."

"நகருப்பா" என்றார் கோபாலின் அம்மா. இந்தக் குரல் வேறு. "என் மகன் பேரு போட்டிருக்கு. நான் படிக்கக் கூடாதா?"

நகர்ந்தேன். அவர் வாய்விட்டே படித்தார். அந்தப் பெரிய எழுத்தைத் தெருவில் போகிறவர்கூடப் படிக்கலாம்.

'நல்ல பையன். குடி, சிகரெட் இல்லை. முப்பது டன் கண்டெய்னரைத் தனியாகத் தூக்கி வைப்பான். தண்ணீர் கேட்டேன். எழுந்து போனான். எந்தக் கிளாசில் ஊற்றுவது என்று அம்மா முகத்தைப் பார்த்தான். அம்மா "கண்ணாடி வேணாம், சில்வர்" என்றார். இவனுக்கு வருகிறவள் மனைவியாக இருப்பாளா, இன்னொரு சில்வர் கிளாசாக இருப்பாளா என்பது தெரியவில்லை.'

கீழே சாப்பாட்டுக் கடையில் யாரோ அப்பளம் கேட்டது மேலே தெளிவாகக் கேட்டது.

அடுத்து நான் செய்ததுதான் அன்றைய தவறுகளில் பெரியது. வாயைத் திறந்தேன்.

"ஆன்டி, இது கம்ப்யூட்டர் கோளாறு. வேற யாரோட ஃபைலோ மாறி வந்திருச்சு. புது சிஸ்டம்ல, அடிக்கடி இப்படி..."

"டேய்" என்றார் அக்கா. உட்கார்ந்த இடத்திலிருந்தே, சத்தம் போடாமல். "கம்ப்யூட்டர் தண்ணி கேட்டுச்சா? நான் கேட்டேன். நான்தான் எழுதினேன்." பிறகு கோபாலின் அம்மாவைப் பார்த்தார். "பக்கம் மாறித் திறந்தது இவன் தப்பு. எழுதியிருக்கறது என் கண்ணால பார்த்தது. அது மாறி வரல."

நான் அத்தனை வருடம் எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் எத்தனையோ தவறுகளை இயந்திரத்தின் தலையில் கட்டியிருக்கிறேன். அது மறுத்துப் பேசியதே இல்லை, அதனால் ரொம்ப வசதி. அக்கா எனக்கிருந்த அந்த வசதியைக் கெடுத்துவிட்டார். ஒரு தப்பு நடந்துபோன பிறகு நம் கையில் மிச்சம் இருப்பது ஒன்றுதான்: அதன்மேல் பொய்யை அடுக்காமல் இருப்பது. அடுக்கியிருந்தால், அன்றைக்கு மாலதிக்கு நியாயமாகப் பேச ஓர் இடமே கிடைத்திருக்காது.

"எழுந்திரு கோபால்" என்றார் அம்மா. கைப்பையை எடுத்துக்கொண்டார்.

கோபால் எழுந்தார். முழுவதும் எழவில்லை. முழங்கால் பாதி மடங்கிய நிலையில், கண்ணை அந்தச் சிவப்பு எழுத்திலிருந்து எடுக்க முடியாமல் நின்றார்.

அக்காவைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மாலதியின் ஃபைல் அவர் கையருகே இருந்தது. அதன்மேல் அவர் உள்ளங்கையை வைத்திருந்தார், யாரோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதைப் போல.

அப்போதுதான் மாலதி பேசினாள். "ஆன்டி, எனக்கும் இப்படி ஒண்ணு இருக்கா?"

"இருக்கு."

"திறங்க."

"மாலதி!" என்றார் மாமா.

"இந்தப் பக்கமே திறங்க ஆன்டி. அவருதை எல்லாரும் படிச்சாச்சு. என்னுதை மட்டும் மூடி வச்சிருந்தா எப்படி?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பட்டனைச் செய்தவன் நான்தானே. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா இதுவரை தானாக எந்த வீட்டாருக்கும் காட்டாத சிவப்பு. அதை நான் திறக்கலாமா?

"என்னை ஏன் பார்க்கிற? அவளைப் பத்தினதுலா அது. அவளே சொல்றா. திற."

மேசையைச் சுற்றி வந்து பெயரைத் தேர்ந்தெடுத்தேன். என் தவறான பட்டன் அப்படியே இருந்தது. இந்தத் தடவை தெரிந்தே அமுக்கினேன். அன்றைக்கு நான் சரியாகத் திறந்த ஒரே ஜன்னல் அதுதான். விரல் பழையபடி 'பெரிய எழுத்து' விசையிலும் பட்டது. அதை இந்தத் தடவை யாரும் குறை சொல்லவில்லை.

'வயது முப்பத்திரண்டு. மாமா முப்பது என்பார். சமையல் வராது. வரும் என்று மாமா சொல்வார். தண்ணீர் கேட்டேன். "ஆன்டி, ஐஸ் வேணுமா, வேணாமா?" என்று என்னைக் கேட்டாள். வேறு யாரையும் கேட்கவில்லை. பார்த்துவிட்டுப் போன ஆறு பேர் வீட்டுக்கும் போய் ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று விசாரித்தேன். ஆறு வீட்டிலும் ஒரே பதில். பெண் கேள்வி கேட்கிறாளாம்.'

மாமா தரையைப் பார்த்தார். கோபால் கடைசி வரியைப் படித்தார். மறுபடி படித்தார். அந்தப் பாதி மடங்கிய நிலையிலேயே சிரித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"கோபால்!"

"இருங்கம்மா. படிச்சிட்டு வரேன். நீங்களும் உட்காருங்க."

அம்மா உட்காரவில்லை. ஆனால் எடுத்த கைப்பையை மறுபடி நாற்காலியில் வைத்தார். இதை நான் ஒரு முன்னேற்றமாகக் குறித்துக்கொண்டேன்.

ஆறு வீட்டுக்காரர்கள் சொன்னது பொய்யில்லை. மாலதி உடனே கேள்வி கேட்டாள்.

"உங்களுக்குத் தண்ணி எந்தக் கிளாஸ்ல குடிக்கப் பிடிக்கும்?"

கேள்வி கேட்டதும் கோபாலின் கழுத்து மெதுவாக அம்மா இருந்த பக்கம் திரும்பத் தொடங்கியது. பழக்கம்தானே. அறையில் இருந்த மற்ற ஐந்து பேரும் அந்தக் கழுத்தையே பார்த்தோம். சர்வர் நின்றுபோய் மறுபடி உயிர் பெறுமா என்று திரையை வெறித்திருக்கிறேன், ஹார்ட் டிஸ்க் கிறீச்சிடும்போது மூச்சைப் பிடித்திருக்கிறேன். ஒரு மனிதனின் கழுத்துக்காக அப்படி நின்றது அந்த ஒரு தடவைதான். பாதி திரும்பியது. நின்றது. திரும்பி வந்தது.

"கண்ணாடி கிளாஸ்" என்றார்.

"உடைஞ்சிடும்டா" என்றார் அம்மா.

"உடைஞ்சா வேற வாங்கிக்கலாம்மா."

அம்மா மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தச் சிவப்புத் திரையை. பிறகு, எதற்கென்று தெரியவில்லை, என்னை. கடைசியில் உட்கார்ந்தார். "ஃபேனையாவது கொறைங்க. தலைவலிக்குது" என்றார். அவருடைய சம்மதம் அந்த வடிவத்தில் வந்தது. அக்கா மாலதியின் ஃபைலிலிருந்து கையை எடுத்தார்.

கல்யாணம் கிள்ளானில் நடந்தது. எனக்கும் பத்திரிகை வந்தது. பந்தியில் எல்லாருக்கும் காகிதக் கோப்பையில் தண்ணீர் வைத்தார்கள். எனக்கு மட்டும் கோபாலின் அம்மா தானே வந்து சில்வர் கிளாசில் ஊற்றினார். "குடிப்பா" என்றார். முழுவதும் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது கல்யாணக் கதை இல்லை. கோளாறு நல்லபடி முடிந்ததால் கோளாறு நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வாரம் வேறொரு வீட்டார் வந்து, வேறொரு குறிப்பு திறந்திருந்தால், ஒரு பெண் அழுதுகொண்டே படியிறங்கியிருப்பாள். அதை அக்காவும் அறிவார்.

அன்று அவர்கள் போன பிறகு நான் உட்கார்ந்து விடுபட்ட வரியைச் சேர்த்தேன். ஜாதகம் திறந்ததும் டிஸ்ப்ளேயைத் திருப்பு. ஒரே வரி. "அக்கா, இப்ப சரி" என்றேன்.

"அப்படியா? எழுந்திரு. அந்தப் பக்கம் போய் உட்கார்."

"எதுக்கு?"

"உட்காருடா."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மெத்தை இல்லை. மானிட்டர் கொஞ்சம் சாய்ந்திருந்தது. பின்னாலிருந்த ஜன்னல் வெயில் நேராகத் திரையில் அடித்து, ஜாதகத்தில் பாதிக் கட்டம் கண்ணுக்கே தெரியவில்லை. ஆறு மாதமாக எத்தனையோ குடும்பம் இங்கே உட்கார்ந்து அரை ஜாதகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறது. கூச்சத்தில் யாரும் சொல்லவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார் அக்கா.

"பாதி தெரியல அக்கா."

"ம். இப்ப பாரு."

பழைய பட்டன் ஒன்றை அமுக்கிவிட்டு, என்னிடமிருந்தே கற்றுக்கொண்ட 'பூஜ்யம் புள்ளி ஒன்று' என்பதை ஒரு விரலால் தேடித் தேடித் தட்டினார். என் முகத்துக்கு நேரே சிவப்பு திறந்தது. மேலே என் பெயர். பதிந்த நாள், அவர் முதன்முதலில் என் மாடிக்கு வந்த நாள்.

'கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும் (அவனே சொன்னது). கெட்ட பழக்கம் இல்லை. நிறையப் பேசுகிறான். தண்ணீர் கேட்டேன். கீழே யாருக்கோ கத்திச் சொல்லிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டான். தண்ணீர் வரவில்லை. வந்ததா என்று திரும்பிப் பார்க்கவும் இல்லை.'

ஒரு தடவை படித்தேன். வெயில் படாத இடத்துக்குத் தலையைச் சாய்த்து இன்னொரு தடவை படித்தேன். எதிரே அக்கா தன் மெத்தை நாற்காலியில் சாய்ந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்தேன். ஜன்னல் பக்கம் போகவில்லை. யாரையும் கத்திக் கூப்பிடவில்லை. நானே படியிறங்கிக் கீழே போய், கடையில் ஒரு கண்ணாடி கிளாசை வாங்கிக் கழுவி, தண்ணீர் பிடித்துக்கொண்டு, பாதிப் படி ஏறியவன் நின்றேன். மிச்சப் படியையும் ஓடி ஏறி, கதவிலிருந்து தலையை மட்டும் நீட்டினேன்.

"அக்கா, ஐஸ் வேணுமா, வேணாமா?"